படலையைத் திறந்து வரும் மருத்துவம்

எங்கள் அப்பாவுக்கு ஒரு கால்தான் இருக்கிறது. மற்றக் கால் 2009 மார்ச்சில், மாத்தளனில், முழங்காலுக்குக் கீழே போனது. முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய பிறகு ஜெய்ப்பூர் கால் பூட்டிக்கொண்டு தோட்டம் செய்தார், மாடு வளர்த்தார், எங்களைப் படிப்பித்தார். பிறகு சீனி வருத்தம் வந்தது. மாதத்தில் ஒரு நாள் கிளினிக். வைத்தியசாலை வீட்டிலிருந்து இருபது கிலோமீற்றருக்கு அப்பால். விடியக் காலை பஸ்சைப் பிடித்தால்தான் முன்வரிசையில் இலக்கம் கிடைக்கும். பஸ்சைத் தவறவிட்டால் ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசு அந்தக் கிழமைச் சாமானுக்குரிய காசு.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் அறுவடைக் காலத்தில் அப்பா இரண்டு கிளினிக்குகளைத் தவறவிட்டார். இருந்த குளிசையை ஒன்றுவிட்ட ஒரு நாள் போட்டுச் சமாளித்தார். எங்களுக்குச் சொல்லவில்லை. நான் அப்போது கொழும்பில் வேலை செய்துகொண்டிருந்தேன். தொலைபேசியில் கேட்டால் “சுகமா இருக்கிறன்” என்பதுதான் எப்போதும் பதில்.

அந்த நாட்களில்தான் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்தது. குழந்தையை நிறுக்க வந்த குடும்பநல உத்தியோகத்தர், திண்ணையில் இருந்த அப்பாவைக் கடந்து போகும்போது நின்றார்.

“ஐயா, அந்தக் காலை ஒருக்காக் காட்டுங்கோ.”

“அது ஒண்டுமில்லைப் பிள்ளை, செருப்புக் கடிச்சது.”

பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் புண் பழுத்து மணக்கத் தொடங்கியிருந்தது. அப்பாவுக்கு நோகவில்லை. நீரிழிவு நரம்பைத் தாக்கியவர்களுக்கு நோகாது. அதுதான் அந்த நோயின் பயங்கரம். மிஸ் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஒரு விரலை எடுத்தார்கள், கால் தப்பியது. இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் அப்பா இரண்டு காலும் இல்லாத மனிதராகியிருப்பார் என்று சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் சொன்னார்.

பிறகு ஊருக்குப் போனபோது அவருக்கு நன்றி சொன்னேன். காய்ச்சல், புண், பிரஷர் எல்லாம் பார்ப்பதும் உங்கள் வேலையா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு சொன்னார்: “என்ர கொப்பியில ஐயாவுக்குப் பக்கம் இல்லைத் தம்பி.”

இந்தக் கட்டுரை அந்த இல்லாத பக்கத்தைப் பற்றியது. நோய் முற்றி நோயாளி வைத்தியசாலைக்கு வருவதற்கு முன்னர், மருத்துவம் நோயாளியின் வீட்டுக்குப் போகும் முறை உலகில் எப்படி நடக்கிறது, எங்களிடம் அதில் எது ஏற்கெனவே இருக்கிறது, எது இல்லை என்பதைத் தேடியதில் அறிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சமூகப் பராமெடிக் என்பவர் யார்?

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இலங்கையில் துணை மருத்துவ சேவை என்றால் மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், இயன்மருத்துவர் போன்றோரையே எண்ணுவோம். வெளிநாடுகளில் பராமெடிக் எனப்படுபவர் அம்புலன்சில் வரும் பயிற்றப்பட்ட மருத்துவப் பணியாளர். விபத்து, மாரடைப்பு என்று அழைத்தால் வந்து முதற்சிகிச்சை தந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது அவரது வழமையான வேலை.

சமூகப் பராமெடிக் முறையில் அதே பணியாளர் அவசர அழைப்பு இல்லாத நேரத்திலும் வீட்டுக்கு வருகிறார். குருதியமுக்கத்தையும் சீனியையும் பார்க்கிறார். மருந்துகளை எடுத்து வைத்து, எது முடிந்தது, எது இரண்டு தடவை போடப்படுகிறது, எது போடப்படாமலே கிடக்கிறது என்று சரிபார்க்கிறார். நீரிழிவுக்காரரின் பாதத்தைப் பார்க்கிறார். வயோதிபர் வழுக்கி விழக்கூடிய ஈரத் தரை, வெளிச்சமில்லாத கழிப்பறை வழி போன்றவற்றைக் கவனிக்கிறார். சமையலறையில் சாப்பாடு இருக்கிறதா, வீட்டில் பேச யாரும் இருக்கிறார்களா என்றும் பார்க்கிறார். கண்டதை வைத்தியருக்கு அறிவித்து, அவரது அறிவுறுத்தலின்படி அடுத்ததைச் செய்கிறார். அவர் வைத்தியருக்குப் பதிலாள் அல்ல. வைத்தியரின் கண்ணும் காதும் வீட்டுக்குள் போவதற்கான வழி.

தீவில் தொடங்கிய கதை

இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் இடம் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்திலுள்ள லோங், பிரயர் என்னும் இரு தீவுகள். இரண்டிலும் சேர்ந்து சுமார் 1,200 பேர். நிரந்தர வைத்தியர் இல்லை. வைத்தியசாலைக்குப் போவதென்றால் படகுப் பாதை கடந்து நெடுந்தூரம் போகவேண்டும். நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் படகேறி, பிறகு யாழ்ப்பாணத்துக்கு பஸ் பிடித்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

தீவில் அம்புலன்சும் பராமெடிக்குகளும் இருபத்து நான்கு மணிநேரமும் நிறுத்தப்பட்டிருந்தார்கள். ஆனால் சனத்தொகை சிறியது என்பதால் அழைப்புகள் குறைவு. பயிற்சி பெற்றவர்கள் காத்திருக்கிறார்கள், அதே ஊரில் வயோதிபர்கள் பிரஷர் பார்க்க வழியில்லாமல் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இந்த இரண்டையும் இணைத்தார்கள். பராமெடிக்குகள் வீடுகளுக்குப் போய் குருதியமுக்கம் பார்த்தார்கள், புண்ணுக்கு மருந்து கட்டினார்கள், தடுப்பூசி போட்டார்கள். தீவில் ஒரு உயர்பயிற்சி பெற்ற தாதி, கரையில் தொலைபேசியில் கிடைக்கும் ஒரு குடும்ப வைத்தியர் என்று மூவராகச் சேர்ந்து இயங்கினார்கள். செலவு குறைந்ததையும், மக்களுக்குச் சேவை எளிதாகக் கிடைத்ததையும் அதனை ஆராய்ந்தவர்கள் 2009இல் வெளியிட்டார்கள்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இது வேறு வடிவம் எடுத்தது. குறைந்த வருமானமுள்ள வயோதிபர்கள் வாழும் அடுக்குமாடிகளுக்குள்ளேயே பராமெடிக்குகள் கிழமைதோறும் வந்திருந்து பிரஷர், சீனி, விழும் அபாயம் என்பவற்றைப் பார்த்து ஆலோசனை சொன்னார்கள். மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைத்தியர் ஜீனா அகர்வால் தலைமையில் நடந்த இந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. பராமெடிக் வராத கட்டடங்களில் 100 வீடுகளுக்கு மாதம் சராசரியாக 3.99 அம்புலன்ஸ் அழைப்புகள். வந்த கட்டடங்களில் 3.11. அதாவது ஐந்தில் ஒரு பங்கு அழைப்புகள் எழவேயில்லை. அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் விழாத மனிதர்களும் முற்றாத நோய்களும் இருக்கின்றன.

கடலுக்கு அப்பால்

எங்களுக்கு அருகிலும் உதாரணம் உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்ட் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. அங்கே வீட்டுக்கு வருபவர் அம்புலன்ஸ் பணியாளர் அல்ல. அதே ஊரைச் சேர்ந்த, பயிற்றப்பட்ட பெண் தன்னார்வலர். பிரஷர், சீனி மருந்துகளை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார். படுக்கையில் இருப்பவர்களிடம் இயன்மருத்துவரும், வலிநிவாரணப் பராமரிப்புத் தாதியும் வருகிறார்கள். தொற்றா நோய்த் தடுப்புக்கான ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் கூட்டுப் பணிக்குழு 2024இல் இத்திட்டத்துக்கு விருது வழங்கியது.

வீட்டுக்கு வருபவர் அம்புலன்ஸ் பணியாளராகவும் இருக்கலாம், தாதியாகவும் இருக்கலாம், ஊர்ப் பெண்ணாகவும் இருக்கலாம் என்பதையே இந்த உதாரணங்கள் காட்டுகின்றன. அவருக்குப் பயிற்சி இருக்கவேண்டும், பின்னால் ஒரு வைத்தியர் இருக்கவேண்டும், தவறாமல் திரும்ப வரவேண்டும். இந்த மூன்றும் இல்லாத வீட்டுத் தரிசிப்பு வெறும் படம்பிடிப்பாகவே முடியும்.

எங்களிடம் நூறு வருடப் பழக்கம் இருக்கிறது

வீட்டுக்குப் போகும் மருத்துவம் இலங்கைக்குப் புதிதல்ல. 1926இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. இன்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை என்று நாங்கள் அறிந்த அமைப்பின் தொடக்கம் அது. அதன் கீழ் பணியாற்றும் குடும்பநல உத்தியோகத்தர், கர்ப்பிணியின் வீட்டுக்குப் போகிறார். பிள்ளை பிறந்து முதல் 10 நாட்களுக்குள் இரண்டு தடவைகள் போகிறார். நிறை குறைந்த பிள்ளையைத் தேடிப் போகிறார். 1940களில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 1,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. கல்வி, வீதி, வைத்தியசாலைப் பிரசவம், மலேரியாக் கட்டுப்பாடு என்று பல காரணங்கள் உண்டு. சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் ஒழுங்கைக்குள் வந்த அந்தப் பெண்களும் அவற்றில் ஒன்று.

ஆனால் அந்த அமைப்பு தாய்க்கும் சேய்க்கும் என்று கட்டப்பட்டது. இப்போது எங்களைக் கொல்லும் நோய்கள் வேறு. இலங்கையில் நிகழும் மரணங்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை இருதய நோய், பாரிசவாதம், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணிக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படியே 60 வயதைத் தாண்டியோர் சனத்தொகையில் 12.4 வீதம். அதன் பிறகு அந்தப் பங்கு கூடியிருக்கிறது. இவர்களுக்காக 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் வைத்தியசாலைகளில் திறக்கப்பட்டன. இலவசமாகப் பிரஷர், சீனி பார்க்கலாம். நல்ல சேவை. ஆனால் நடந்து வரக்கூடியவருக்கே அது சேவை.

குடும்பநல உத்தியோகத்தரின் கொப்பியில் இன்னொரு பக்கம் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கும் விடை இருக்கிறது. பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் கிராமங்களில் உயர் குருதியமுக்கமுள்ள 2,645 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஏற்கெனவே அரச சேவையிலிருந்த சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீடுகளுக்குப் போய் பிரஷர் பார்த்து, உப்பு, மருந்து பற்றிப் பேசி, தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இலங்கையில் அந்த வேலையைச் செய்தவர்கள் குடும்பநல உத்தியோகத்தர்களே. இரண்டு வருட முடிவில், வழமையான சேவை மட்டும் பெற்றவர்களை விட இவர்களின் மேல் அளவு சராசரியாக 5 புள்ளிகள் கூடுதலாகக் குறைந்திருந்தது. 2020இல் வெளியான முடிவு இது. 5 புள்ளி சிறிதாகத் தெரியலாம். மேல் அளவு 5 குறைந்தால் மாரடைப்பு, பாரிசவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணித்திருக்கிறார்கள்.

மருந்து வீட்டுக்கு வரலாம் என்பதையும் நாங்கள் பார்த்துவிட்டோம். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகள் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. ஊரடங்கு முடிந்ததும் நாங்கள் மீண்டும் பஸ் தரிப்பிடத்துக்குப் போனோம்.

1990 என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை

இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை, 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் வைத்து வடக்குக்கு விரிவாக்கப்பட்டது. அதே ஆண்டில் தனிச் சட்டத்தின் கீழ் ஒரு மன்றமாகவும் ஆக்கப்பட்டது. எந்தத் தொலைபேசியிலிருந்தும் இலவசமாக அழைக்கலாம். வண்டியில் பயிற்றப்பட்ட அவசர மருத்துவப் பணியாளர் வருவார். உழவு இயந்திரப் பெட்டியில் நோயாளியை ஏற்றிப் போன ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அது அவசரத்துக்கான சேவை. அப்பாவின் விரலில் புண் வந்த முதல் நாள் அவசரமல்ல. இருபதாம் நாள் அவசரம். முதல் நாளுக்கும் இருபதாம் நாளுக்கும் இடையில் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு யாருக்கும் கடமை இல்லை.

போர் விட்டுப்போன உடல்கள்

வன்னியில் இந்த இடைவெளி மற்ற இடங்களை விட ஆழமானது. காலிழந்தவருக்கு நீரிழிவு வந்தால் மிஞ்சிய கால் இரட்டைச் சுமை தாங்குகிறது. பொய்க்கால் உராய்ந்து துண்டித்த முனையில் புண் வந்தால் ஆறும்வரை அதைப் பூட்ட முடியாது. பூட்ட முடியாவிட்டால் கிளினிக்குக்குப் போக முடியாது. போகாவிட்டால் சீனி ஏறும். சீனி ஏறினால் புண் ஆறாது.

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுப் போனவர்களின் நிலை இன்னும் கடினம். அவர்களுக்கு ஆபத்தானவை படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும். இரண்டும் பெருமளவு தடுக்கக்கூடியவை. படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டவேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் அடிக்கடி கைகளை ஊன்றி உடலைத் தூக்கவேண்டும். சிறுநீர்க் குழாய் சுத்தமாக, காலம் தவறாமல் மாற்றப்படவேண்டும். இவற்றைச் செய்வது பெரும்பாலும் மனைவி அல்லது தாய். 2009இல் நாற்பது வயதிலிருந்த தாய்க்கு இப்போது ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. அவருக்கும் முதுகு நோ, பிரஷர். அவரைப் பார்ப்பது யார்?

பிள்ளைகள் இறந்து, காணாமல் ஆக்கப்பட்டு, அல்லது வெளிநாடு போய்த் தனித்திருக்கும் முதியவர்கள் இன்னொரு பகுதி. காசு வருகிறது. காலைப் பார்க்க ஆள் வருவதில்லை.

நம்பிக்கை என்ற கேள்வி

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதவேண்டும். எங்கள் வீடுகளுக்குப் பதிவெடுக்க வந்தவர்கள் அதிகம். வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே, முன்னர் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுக் கொப்பியில் எழுதியவர்கள் பலர். ஆகவே புதிதாக ஒருவர் படிவத்துடன் படலையில் நின்றால் அம்மாவின் முகம் மாறும். ‘வீட்டில் எத்தனை பேர்’ என்பது சுகாதாரப் படிவத்தில் சாதாரணக் கேள்வி. மகனைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்க்கு அது சாதாரணக் கேள்வியல்ல.

அதனால்தான் வருபவர் யார் என்பது முக்கியம். குடும்பநல உத்தியோகத்தரை எங்கள் சனம் உள்ளே விடுகிறது. அவர் தமிழில் பேசுகிறார், பிள்ளையைத் தூக்கியிருக்கிறார், திரும்பவும் வருவார் என்று தெரியும். புதிய முறை எதுவானாலும் அந்த நம்பிக்கையின் மேல்தான் கட்டப்படவேண்டும். எடுக்கும் விபரம் மருத்துவத்துக்கு மட்டுமே என்பதற்கு எழுத்தில் உறுதி வேண்டும்.

அதே வேளை, ஏற்கெனவே சுமை தாங்கும் பெண்களின் தலையில் இன்னொரு சுமையை வைத்துவிட்டுக் கைகழுவவும் கூடாது. ஒரு குடும்பநல உத்தியோகத்தரின் பிரிவில் ஏறத்தாழ 3,000 பேர் இருக்கவேண்டும் என்பது கணக்கு. வெற்றிடமான பக்கத்துப் பிரிவையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. 2022 நெருக்கடியில் எரிபொருள் இல்லாமல் அலைந்தவர்களும் அவர்களே. கூடுதல் ஆட்கள், பிரஷர் கருவி, போக்குவரத்துக் கொடுப்பனவு, தொலைபேசியில் கிடைக்கும் வைத்தியர் இல்லாமல் புதிய பக்கம் சேர்ப்பது அநீதி.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை

நீரிழிவு உள்ளவரின் பாதத்தை ஒவ்வொரு நாளும் ஒருவர் பார்க்கவேண்டும். விரலிடுக்கு, குதிக்கால், நகவோரம் எல்லாம் பாருங்கள். தானே குனிந்து பார்க்க முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். நோகவில்லை என்பதை நம்பவேண்டாம். சிவப்பு, வீக்கம், மணம், கசிவு தெரிந்தால் அன்றே வைத்தியரிடம் போங்கள்.

பிரஷர் பார்க்குமுன் ஐந்து நிமிடம் சாய்ந்து இருக்கவேண்டும். கால் நிலத்தில், கை நெஞ்சு மட்டத்தில். தேநீர் குடித்த உடன் பார்க்கவேண்டாம். அளவைத் திகதியுடன் கிளினிக் கொப்பியில் எழுதுங்கள்.

குளிசையைப் பாதியாக்கவோ நாள்விட்டுப் போடவோ வேண்டாம். கிளினிக்குக்குப் போக முடியாவிட்டால், கொப்பியுடன் வேறொருவர் போய் மருந்து எடுக்கலாமா, அருகிலுள்ள சிறிய வைத்தியசாலைக்கு கிளினிக்கை மாற்றலாமா என்று கேளுங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணினால், கை ஒன்று தூக்கமுடியாமல் தளர்ந்தால், பேச்சுக் குழறினால் அது பாரிசவாதமாக இருக்கலாம். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 1990ஐ அழையுங்கள். விடியட்டும் பார்ப்போம் என்று இருக்கவேண்டாம்.

வீட்டில் எழும்ப முடியாதவர் இருந்தால் உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் சொல்லுங்கள், முடிந்தால் எழுத்தில் கொடுங்கள். கொப்பியில் பக்கம் இல்லாவிட்டாலும், எத்தனை பேருக்குப் பக்கம் இல்லை என்ற எண்ணிக்கையாவது பணிமனையில் சேரும்.

அப்பா இப்போது ஒவ்வொரு நாள் பின்னேரமும் திண்ணையில் இருந்து காலை நீட்டுகிறார். தங்கச்சியின் மகள் குனிந்து விரல்களை எண்ணுகிறாள். “நாலு” என்கிறாள். நாலும் சுகமா என்று அப்பா கேட்கிறார். பிள்ளை எண்ணுவதை மிஸ்தான் பழக்கிவிட்டார்.